முதல் க்வில்ட், மூலை எதுவும் சேரல, விட்டுடலாமான்னு இருக்கு

அல்சூர்_பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல அல்சூர்ல இருக்கேன், ஐடி வேலை, தையல்னா ஹூக் வைக்கிறது ஓரம் அடிக்கிறது அவ்ளோதான் தெரியும். போன ஆடில எங்க அம்மாச்சி தவறிட்டாங்க, அவங்க கட்டுன சின்னாளப்பட்டி சுங்குடி 14 சேலை என்கிட்ட இருக்கு. தங்கச்சிக்கு தை மாசம் குழந்தை பிறக்கப்போகுது, அந்த சேலைல ஒரு சின்ன க்வில்ட், அதாவது துண்டுத் துணிய சேத்து தைக்கிற போர்வை, தைச்சுக் குடுக்கணும்னு ஆசை. நேரா சேலைல கை வைக்க பயமா இருந்துச்சு, அதனால சிக்பேட்டைல புது காட்டன் வாங்கி, 5 இன்ச் சதுரமா 64 துண்டு வெட்டி, எட்டுக்கு எட்டா தைச்சுப் பாத்தேன். மூணு வாரம், ராத்திரி ஆபீஸ் கால் எல்லாம் முடிச்சுட்டு உக்காந்து தைச்சது. ஒரு வரிசை 36 இன்ச் வருது, அடுத்தது 35, கடைசி வரிசை 34 முக்கால். மூலை ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது. அம்மா வேற பாத்துட்டு, இதுக்கா அம்மாச்சி சேலையை வெட்டப்போறன்னு கேட்டுட்டாங்க, அதுல இருந்து மெஷின் பக்கமே போகல. எனக்கு கை வராதா, இல்ல ஏதாவது தப்பா பண்றேனா?

மல்லேஸ்வரம்_மெஷின்:
கை வருதும்மா, 64 துண்டையும் தைச்சு முடிச்சிருக்கீங்க, பாதிப்பேர் அதுக்கு முன்னாடியே மூட்டை கட்டிடுவாங்க. உங்க பிரச்சினை ஒண்ணே ஒண்ணுதான், தையலுக்கு விடுற இடம். ப்ளவுஸுக்கு அரை இன்ச், ஒரு இன்ச்னு விடுவோம், கொஞ்சம் முன்னபின்ன போனாலும் பிடிச்சு விட்டுக்கலாம். க்வில்ட்ல கால் இன்ச், அதாவது சரியா ரெண்டு நூல் (ஒரு நூல்னா இன்ச்ல எட்டுல ஒரு பங்கு). எட்டு சதுரம் சேத்தா ஏழு தையல், சரியா தைச்சா வரிசை 36 அரை வரணும். ஒவ்வொரு துண்டுலயும் ஒரே ஒரு நூல் கூடப் பிடிச்சா கூட தையலுக்கு ரெண்டு நூல் போயிடும், ஏழு தையலுக்கு 14 நூல், ஒண்ணே முக்கால் இன்ச் காணோம். உங்க 34 முக்கால் வரிசைல நடந்தது அப்படியே இதுதான்! நீங்க துணியை அமுக்குற மெஷின் காலோட ஓரத்தைப் பாத்து தைச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், நிறைய மெஷின்ல அது மூணு நூல் வரும்.

இப்படி செஞ்சு பாருங்க. ஒன்றரை இன்ச் அகலத்துல மூணு பட்டி வெட்டி பக்கத்துல பக்கத்துல தைங்க, இஸ்திரி போட்டு நடுப்பட்டியை அளங்க, சரியா 1 இன்ச் இருக்கணும். இல்லன்னா ஊசில இருந்து ரெண்டு நூல் தள்ளி மெஷின் தட்டுல மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு மடிப்பா ஒட்டுங்க, துணி அதுல இடிச்சுக்கிட்டே நேரா போகும். அது சரியா வர்ற வரைக்கும் வேற எதையும் தைக்காதீங்க.

அப்புறம் இஸ்திரி, சட்டைக்கு தேய்க்கிற மாதிரி இழுத்து தேய்க்கக்கூடாது, துணி கோணிக்கும், பெட்டியை வச்சு அமுக்கி எடுத்து எடுத்து வைக்கணும். ஒத்தைப்படை வரிசைல தையல் மடிப்பு எல்லாம் இடது பக்கம், ரெட்டைப்படை வரிசைல வலது பக்கம், அப்ப ரெண்டு வரிசையை சேக்கும்போது மடிப்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டு மாதிரி உக்காரும், விரல்லயே தெரியும். அங்க ஒரு குண்டூசி குத்துங்க, மூலை தானா சேரும்.

ஹலசூரு_துணிக்காரி:
சுங்குடின்னா முதல்ல சாயம் பாருங்க. ஒவ்வொரு சேலையும் தனித்தனியா ஒரு வெள்ளைத் துண்டோட சேத்து ஊற வைங்க, வெள்ளை நிறம் மாறுச்சுன்னா தண்ணி தெளியிற வரைக்கும் அலசுங்க. கல்லுப்பு போட்டா சாயம் நிக்கும்னு சொல்வாங்க, எனக்கு நின்னதில்ல. எவ்ளோ அலசியும் விடுதுன்னா அந்த சேலையை க்வில்ட்ல சேக்காதீங்க, பக்கத்து துண்டெல்லாம் கெட்டுப்போகும்.

கவுதி_ஆன்ட்டி:
அளவு பத்தி அவங்க சொன்னது சரி, ஆனா நான் வேற ஒண்ணு சொல்றேன் கண்ணு. நம்ம இருக்கிற இந்த கர்நாடகாலயே எல்லாபூர், ஹளியால் பக்கம் சித்தின்னு ஒரு இன ஜனங்க இருக்காங்க, அவங்க முன்னோர் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க, அந்தப் பொம்பளைங்க பழைய துணில கவந்தின்னு ஒரு போர்வை தைப்பாங்க. மூலைல ஆரம்பிச்சு ஓரத்தோட சுத்திக்கிட்டே நடுவுக்கு வருவாங்க, துண்டு எந்த சைஸ்ல இருக்கோ அப்படியே மேல வச்சு கைல ஓட்டுத் தையல், ஸ்கேலும் கிடையாது மூலை சேக்கிற வேலையும் கிடையாது, பஞ்சும் வைக்கிறதில்ல, அடில பழைய சேலைதான். நாலு மூலைலயும் முக்கோணமா மடிச்ச துணி வச்சு பூ மாதிரி தைப்பாங்க, அதுக்குப் பேரு ஃபுலா. அந்த வரி வரியான தையலைப் பாத்தா கண்ணு எடுக்க மனசு வராது. வட கர்நாடகால கவுதின்னு கைல தைச்ச போர்வை வீட்டுக்கு வீடு இருக்கும், எனக்கு எங்க பக்கத்து வீட்டு அஜ்ஜிதான் சொல்லிக்குடுத்தாங்க. நம்ம ஊர்லயும் பிறந்த குழந்தையை பழைய நூல் சேலைலதானே சுத்துவோம், தூளியும் அதுலதானே. அதனால உங்க அம்மாச்சி சேலைக்கு கைத்தையல்தான் பொருந்தும்னு எனக்குத் தோணுது.

சேலையை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, கொசுவம் வர்ற இடமும் கால் பக்கமும் நைஞ்சிருக்கும், உடம்போட சுத்துற உள்பக்கம் கெட்டியா இருக்கும், அதுல வெட்டு. ரெண்டு கையால இழுத்தா விரியிற துணியை அடி அடுக்குக்கு வச்சுக்கோ. இன்னொண்ணு, ஒரு வயசு வரைக்கும் தூங்குற குழந்தை மேல போத்தவும் வேண்டாம், படுக்கைல கூட போடவும் வேண்டாம், மூச்சு முட்டும். தரைல விரிச்சு முழிச்சிருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்க.

அல்சூர்_பேத்தி:
மல்லேஸ்வரம் அக்கா, நடுப்பட்டி முக்கால் இன்ச்தான் வந்துச்சு!! டேப் ஒட்டி மூணாவது தடவைல 1 இன்ச் வந்துடுச்சு, அந்த காட்டனை முழுசா பிரிச்சு திரும்பத் தைக்கிறேன், அது எனக்கு. ஆன்ட்டி, நீங்க சொன்ன மாதிரி சேலையை ஜன்னல்ல பிடிச்சேன், அம்மாவும் வந்து அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டாங்க, எது எந்த தீபாவளிக்கு எடுத்ததுன்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 9 சேலை தேறும். கத்திரிப்பூ கலர் மட்டும் வெட்டாதன்னு எடுத்து வச்சுக்கிட்டாங்க. சுத்தி ஓரம் கட்ட சேலை பார்டரையே வைக்கலாமா?

கவுதி_ஆன்ட்டி:
வைக்கலாம் கண்ணு, இரண்டரை இன்ச் பட்டியா வெட்டி ரெண்டா மடிச்சுத் தை. ஜரிகை பார்டர் மட்டும் வேண்டாம், குழந்தைக்கு குத்தும்.