பழைய டிரையர் லைனில் புது பாய்லர்: கண்டன்சேட் சிவப்பா வருது, ஸ்ட்ரெய்னர் போதுமா?

கொழிஞ்சாம்பாறை மில்
புழுங்கல் அரிசி மில்லுங்க. பழைய உமி பாய்லருக்குப் பதிலா மணிக்கு 3 டன் ஸ்டீம் தர்ற புது பாய்லர் இறக்கியாச்சு, அழுத்தம் 10 கிலோ. இன்னும் லைன்ல சேர்க்கலை, பழசுதான் ஓடுது. ஸ்டீம் பைப்பும், நெல் காயற டிரையரோட ரேடியேட்டரும் 18 வருசப் பழசு. ஸ்டீம்ல பாதி ஊறல் தொட்டிக்குப் போயிடும், மீதி ரேடியேட்டர்ல குளிர்ந்து கண்டன்சேட்டா, அதாவது திரும்பத் தண்ணியா, பாய்லருக்குத் தண்ணி ஊட்டற பீட் டேங்குக்கு வரும். அதுதான் செங்கல் கரைச்ச தண்ணி மாதிரி இருக்கு. போர் தண்ணி: கடினம் 450 பிபிஎம், டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு) 900. கடினம் எடுக்கற சாஃப்ட்னர்ல 100 லிட்டர் ரெசின் மணி. பைப்புல ஒய் ஸ்ட்ரெய்னர் (கம்பி ஜாலி வடிகட்டி) போட்டாப் போதும்ங்கறாங்க. போதுமா? இல்ல கண்டன்சேட்டையே வெளிய விட்டுடலாமா?

ஆவிக்குழாய்
போதாதுங்ணா. ஸ்ட்ரெய்னர்ல வர்ற 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) ஜாலியோட ஓட்டை கிட்டத்தட்ட 0.4 மி.மீ. வெல்டிங் கசடு, பைப் சில்லு நிக்கும். துருப்பொடி நிக்காது. அது பாய்லருக்குள்ள போய் டியூப் மேல படிஞ்சா, தண்ணி அந்த இடத்தைத் தொட முடியாது. டியூப் அளவுக்கு மேல சூடேறும், அதைப் பிடிச்சிருக்கற டியூப் பிளேட் ஓரத்துல கசியும்.

முதல்ல ஒரு கண்ணாடி பாட்டில்ல கண்டன்சேட் பிடிச்சு ராத்திரி அசைக்காம வைங்க. காலைல அடியில படிஞ்சதுக்குப் பக்கத்துல வெளியிருந்து காந்தத்தை வச்சு மெல்ல மேல இழுங்க. கறுப்பா ஒரு கோடு காந்தத்தோட ஏறி வந்தா அது மேக்னடைட்ங்கற கறுப்புத் துரு, காந்த ஃபில்டர் பிடிக்கும். சிவப்பு அப்படியே அடியில கிடந்தா காந்த ஃபில்டருக்குப் போடற காசு வீண். 25 மைக்ரான் பை ஃபில்டர் வேணும். பையோட வெப்பத் தாங்கு அளவைக் கேட்டு வாங்குங்க. சாதா பாலிப்ரொப்பிலீன் பை 90 டிகிரில தளர்ந்துடும்.

ஃபில்டர் கடைசிக் காவல்தான். ரேடியேட்டரைக் கழுவணும். அதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் தனியாப் பிரிச்சு வேலை அழுத்தத்துல ஒன்றரை மடங்குக்குத் தண்ணி டெஸ்ட் பண்ணுங்க. பழைய டியூப்ல சில ஓட்டையைத் துருவேதான் அடைச்சு வச்சிருக்கும், ஆசிட் போனதும் திறந்துக்கும். டியூப் மெலிஞ்சிருந்தா ஆசிட் பேச்சே வேண்டாம், வேகத் தண்ணி மட்டும். நல்லா இருந்தா 5 சதவீத சிட்ரிக் ஆசிட், கூடவே இரும்பை ஆசிட் தின்னாம காக்கற இன்ஹிபிட்டர், 60 டிகிரி, 4 முதல் 6 மணி நேரம் தனி டிரம், தனி பம்ப் வச்சுச் சுத்த விடுங்க. அப்புறம் மிச்ச ஆசிட் முறிய 1 சதவீத சோடா சாம்பல் கரைசல். பாய்லர் பக்கம் வால்வை மூடினா பத்தாது, பழைய வால்வு கசியும். பைப்பை முழுசா அடைக்கற பிளைண்டு தட்டு போட்டே ஆகணும்.

புது பாய்லர்ல தயாரிக்கும்போது ஒட்டின எண்ணெய் போக 1000 லிட்டருக்கு 2–3 கிலோ டிரைசோடியம் பாஸ்பேட் போட்டுச் சின்னத் தீயில பாயில்-அவுட் (கொதிக்க வச்சுக் கழுவறது). அதுக்கு அப்புறம்தான் லைன்ல சேர்க்கணும். சேர்த்த பின்னாடி கண்டன்சேட் தெளியற வரைக்கும், மூணு நாலு நாள் ஆனாலும், வடிகால்லயே விடுங்க.

உமிக்கணக்கு
அந்த மூணு நாலு நாளுக்கு மேல வெளியே விடாதீங்க. ஏன்னு கணக்குப் பார்த்தா தெரியும். சாஃப்ட்னர் கடினத்தை மட்டும்தான் எடுக்கும், டிடிஎஸ் 900 அப்படியே உள்ளே போகும். பாய்லர் தண்ணி டிடிஎஸ்ஸை 3500-க்குள்ள வைக்கணும்னா, கண்டன்சேட் முழுசும் வெளியே போனால் மணிக்கு 1038 கிலோ பிளோ டவுன் (உப்பேறின பாய்லர் தண்ணியை வெளிய விடறது). பாதி திரும்பினால் 519. இந்த 519 கிலோ கொதிநீரோட மட்டும் மணிக்கு 25 கிலோ உமிச்சூடு சாக்கடைக்குப் போகுது.

சிவப்பை விட எனக்கு பயம் உங்க சாஃப்ட்னர்தான். 100 லிட்டர் ரெசின், ஒரு ரீஜெனரேஷனுக்கு (ரெசினை உப்புக் கரைசல்ல கழுவிப் புதுப்பிக்கறதுக்கு) 16 கிலோ உப்பு போட்டால், 450 பிபிஎம்ல ஏறக்குறைய 11,000 லிட்டர் கொடுக்கும். உங்களுக்குப் புதுத் தண்ணி மணிக்கு 2,000 லிட்டருக்கு மேல வேணும். அஞ்சரை மணி நேரத்துல தீர்ந்துடும்! ஷிப்ட் நடுவுல உப்புக் கழுவ நேரம் ஏது? பாய்லர் ஃபயர்மேன் சாஃப்ட்னரைத் தாண்டிப் போற பைபாஸைத் திறப்பார், கடின நீர் நேரா உள்ளே. இன்னொரு சாஃப்ட்னர் ஜோடியா வைங்க. அதோட ஆர்ஓ வச்சு டிடிஎஸ்ஸை 50-க்கு இறக்கினால் பிளோ டவுன் மணிக்கு 22 கிலோதான்.

கொழிஞ்சாம்பாறை மில்
கணக்கு சரிங்க, பைபாஸ் வால்வை இன்னிக்கே பூட்டறேன். இன்னொண்ணு: ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கக்கிழமை காலைல மட்டும் சிவப்பு ரெண்டு மடங்கு. ஏன்?

ஆவிக்குழாய்
மில் நின்னதும் பைப்புல இருக்கற ஆவி குளிர்ந்து சுருங்கும், உள்ள வெற்றிடம். வால்வு கிளாண்ட், பைப் இணையற ஃபிளாஞ்ச் வழியா காத்தை இழுக்கும். அடியில தேங்கின தண்ணியும் காத்தும் ஒரு நாள் முழுக்க இரும்போட இருந்தா வேறென்ன வரும்? நிறுத்தின உடனே ஸ்டீம் டிராப்புக்கு (ஆவியை நிறுத்தித் தண்ணியை மட்டும் விடற வால்வு) முன்னாடி இருக்கற டிரெயின் காக்கைத் திறந்து சூட்டுலயே வடிச்சிடுங்க.

ஓடும்போது அரிக்கறது வேற. போர் தண்ணில இருக்கற பைகார்பனேட் பாய்லர்ல உடைஞ்சு கரியமில வாயுவா ஸ்டீமோட போகும், கண்டன்சேட்ல கரைஞ்சு பைப்போட அடிப்பக்கத்தை வாய்க்கால் வெட்டின மாதிரி தின்னும். ஆர்ஓ வச்சா அதுவும் குறையும்.

ஊறல் தொட்டியையும் பாருங்க. ஸ்டீமை மூடினதும் அதே வெற்றிடம் தொட்டித் தண்ணியை லைனுக்குள்ள இழுக்கும். நெல்லு ஊறின புளிச்ச தண்ணி ஹெட்டர் (ஸ்டீம் பிரியற மெயின் பைப்) டிராப் வழியா பீட் டேங்குக்கு வந்தா பாய்லர் நுரைச்சுப் பொங்கும். தொட்டிக்கு ஒரு என்ஆர்வி (ஒருவழி வால்வு), லைன்ல ஒரு வாக்குவம் பிரேக்கர் (வெற்றிடம் வந்தா காத்தை உள்ள விடற வால்வு) வைங்க.

உமிக்கணக்கு
பீட் டேங்கை 85 டிகிரில வைங்க. 30 டிகிரில தண்ணில 7.5 பிபிஎம் ஆக்சிஜன் இருக்கும், 85-ல 2–3 தான். 1 பிபிஎம் ஆக்சிஜனுக்கு 8 பிபிஎம் சோடியம் சல்பைட் ஆகும்ங்கறதால மருந்துச் செலவும் இறங்கும். ஆனா சூட்டுத் தண்ணிக்கு டேங்க் பம்பை விட 3 மீட்டராவது உயரத்துல இருக்கணும், இல்லைன்னா பம்ப் கடகடன்னு கத்தும். டேங்க் அவுட்லெட் அடியிலிருந்து 150 மி.மீ மேலே, கசடு அதுக்குக் கீழே தங்கட்டும்.

3.5 கிலோ அழுத்தத்துக்கு மேல ஓடற ஸ்டீம் பைப் பாய்லர் சட்டத்துக்குள்ள வரும். பழைய லைனை வெட்டி ஒட்டறதுக்கு முன்னாடி ஃபேக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் ஆபீஸ்ல டிராயிங் காட்டிடுங்க, வெல்டரும் சான்று உள்ளவரா இருக்கணும்.