வண்டா விதைக் குப்பிகளில் பச்சை உருண்டைகள் பழுப்பாகின்றன: உதவி தேவை

ஓலைக்கூரை: வணக்கம். குப்பியில் விதைத்த வண்டா ஆர்க்கிட் விதைகள் நன்றாகவே முளைத்துப் பச்சை உருண்டைகளாயின. இப்போது அவை வரிசையாகப் பழுப்பாகிச் சாகின்றன. பூஞ்சணம் எதுவும் பிடிக்கவில்லை. அவசரமாக யாராவது வழி சொல்லுங்கள்.

பழையவேர்: எந்த இனம், விதை வளரும் ஊடகமான சத்துக்கூழ் எது, அதன் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு எவ்வளவு, எந்த முதிர்ச்சியில் பறித்த காய் என்ற எதையும் சொல்லாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால், நாங்கள் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். சர்க்கரை கலந்த அகரில் (கடற்பாசிக் கூழில்) பூஞ்சையின் துணையின்றியே ஆர்க்கிட் விதை முளைக்கும் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-இல் எழுதிவிட்டார். அடிப்படையைப் படித்துவிட்டுக் குப்பியைத் தொடுவது நல்லது.

மாந்தோப்பு: வண்டாவில் எது? பச்சைக் காயை அறுத்து விதைத்தீர்களா, அல்லது வெடித்த காயின் விதையை ப்ளீச்சில் கழுவி விதைத்தீர்களா? குப்பிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஓலைக்கூரை: வண்டா டெசல்லாட்டா, பச்சைக் காய். பாதி அளவு எம்எஸ் (முராஷிகி-ஸ்கூக்) சத்து உப்புகளும் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரையும் சேர்த்து, பிரஷர் குக்கரில் வேகவைத்த ஊடகம்.

இளநீர்: இளநீர் சேர்க்காததுதான் காரணம். லிட்டருக்கு 100 முதல் 150 மில்லி வரை சேர்த்துப் பாருங்கள். எனக்கு எல்லாக் குறைகளும் அதில் தீர்ந்துவிடுகின்றன.

கரித்தூள்: உருண்டைகளைச் சுற்றி ஊடகமும் பழுப்பாகிறதா என்று பாருங்கள். ஆகிறதென்றால் அவை வெளியிடும் ஃபீனால் பொருள்களே அவற்றுக்கு நஞ்சாகின்றன. லிட்டருக்கு 1 அல்லது 2 கிராம் செயலூட்டிய கரி கலந்த புது ஊடகத்துக்கு மாற்றினால் கரி அந்த நஞ்சை ஈர்த்துக்கொள்ளும்.

கொல்லிமலையான்: காட்டில் யார் சர்க்கரை ஊற்றுகிறார்கள்? ஆர்க்கிட் விதையில் முளைசூழ்தசை, அதாவது முளைக்கான உணவுச் சேமிப்பு, கிடையாது. பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் அது பிழைக்கும் என்று பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899-இலேயே கண்டுவிட்டார். மீதி விதையைத் தாய்ச்செடி நிற்கும் மரப்பட்டையில் தூவிவிடுங்கள்.

பழையவேர்: பெர்னார் அன்று பார்த்தது பிரான்ஸ் நாட்டுக் காட்டுத் தரையில் வளரும் நியோட்டியா என்ற ஆர்க்கிட். அதை வைத்து நம் மரத்து வண்டாவுக்குச் சட்டம் போடக் கூடாது.

கொல்லிமலையான்: அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. பிற்பாடு கேட்லியா, ஃபலனாப்சிஸ் போன்ற வெப்பமண்டல மரவாசிகளின் விதைகளையும் பூஞ்சையோடு சேர்த்தே முளைக்கவைத்தார். அதையும் படித்திருக்கலாம்.

பழையவேர்: படித்ததுண்டு. ஒரு காயின் எண்ணற்ற விதைகளில் காட்டில் தேறுபவை மிகச் சில என்பதையும் படித்திருக்கிறேன். பட்டையில் தூவச் சொல்வது விதையைக் காற்றில் விடச் சொல்வதுதான்.

மாந்தோப்பு: இந்த வழக்கைப் பிறகு நடத்திக்கொள்ளலாம். ஓலைக்கூரை அவர்களே, குப்பிகள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஓலைக்கூரை: கிழக்கு ஜன்னல் ஓரத்தில். தாய்ச்செடி வெயிலில்தானே காய்கிறது?

மாந்தோப்பு: கோளாறு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். டெசல்லாட்டா இந்தியா, இலங்கை முதல் மியான்மர் வரையுள்ள வறண்ட காடுகளிலும் சமவெளி மரங்களிலும் வளர்வது. கோடையில் இலையுதிர்த்து நிற்கும் மரத்தில் முழு வெயிலையும் அது தாங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படித் தாங்குவது வளர்ந்த செடி. அதற்குத் தோல் போன்று தடித்த இலைகளும், நீரை உறிஞ்சிச் சேர்க்கும் வெள்ளைப் பஞ்சுறை போர்த்த வேர்களும் உண்டு. விதை முளைப்பது பட்டையின் வெடிப்புக்குள், ஈரம் தங்குகிற நிழலில். அந்தப் பருவத்தில் அதற்கு இலையும் இல்லை, வேரும் இல்லை. அடியில் மெல்லிய மயிர் நீட்டிய வெறும் உருண்டை அது. மூடிய கண்ணாடிக்குள் நேர்வெயில் பட்டால் சற்று நேரத்திலேயே உள்ளே அறையைவிடப் பல பாகை சூடேறிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்து மூடிபோல் குப்பியின் உட்சுவரெங்கும் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது அதன் அடையாளம். 25 பாகை செல்சியஸை ஒட்டிய அறையில், குழல்விளக்கின் கீழ், நாளுக்கு 12 மணி நேர வெளிச்சம் போதும். பச்சையாக எஞ்சியவற்றைக் கரித்தூள் அவர்கள் சொன்ன ஊடகத்துக்கு மாற்றுங்கள். பழுப்பானவற்றைச் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டாம். இளநீர் வளர்ச்சிக்கு உதவும், ஆனால் வெந்ததை உயிர்ப்பிக்காது.

இளநீர்: வெந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

மாந்தோப்பு: உறுதியாகச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு அருகிலுள்ள குப்பிகள் முதலில் பழுப்பாயினவா, உள்ளே தள்ளியிருப்பவை முதலில் பழுப்பாயினவா என்று அவர் பார்த்துச் சொன்னால் தெரிந்துவிடும்.

ஓலைக்கூரை: ஜன்னல் பக்கத்து வரிசைதான் முழுவதும் போயிருக்கிறது. பின்வரிசையைக் கரி ஊடகத்துக்கு மாற்றி உள்ளறையில் வைத்தேன். பச்சை நிற்கிறது, சிலவற்றில் இலை நுனியும் தெரிகிறது. நன்றி.

பழையவேர்: பிஎச் எவ்வளவு என்பதை இன்னும் சொல்லவில்லை.