புதுப்பிப்பு: சாப்பாட்டு நேர நன்றி, மூன்று மாதங்களுக்குப் பிறகு

இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்வது என்று வீட்டில் தொடங்கியதை முன்பு எழுதியிருந்தேன். அந்த முறை பதினோராம் நாளே படுத்துவிட்டது. மகன் தினமும் "சோறு, அம்மா, விடுமுறை" என்று ஒப்பித்தான். என் அப்பாவோ, "வீட்டு மனிதர்களுக்குள் என்ன நன்றி, நாம் விருந்தாளிகளா?" என்று ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

கடைசியில் வழி காட்டியவரும் அவர்தான். குறளில் 'நன்றி' என்பது வாயால் சொல்லும் சொல் அல்ல, ஒருவர் செய்த உதவி. 11ஆம் அதிகாரத்தின் பெயரே 'செய்ந்நன்றி அறிதல்' என்றார். உடனே கேள்வியை மாற்றினோம்: "இன்று உனக்கு யார், என்ன செய்தார்கள்?" மூன்று வேண்டாம், ஒன்று போதும்.

பதில்களில் மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். நெரிசலான பஸ்ஸில் மகளின் பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்ட அம்மாள். மழையில் பால் பாக்கெட் நனையாமல் ஜன்னலுக்குள் வைத்துவிட்டுப் போன பையன். அவனை ஆறு வருடமாகப் பார்க்கிறேன், பெயரை இப்போதுதான் கேட்டேன்.

தினமும் நடக்கிறதா? இல்லை. நன்றியுணர்வு பற்றி உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு, நன்றி சொல்ல வேண்டியவற்றை வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதியது என்று படித்த பிறகு, விட்டுப்போகும் நாள்களைப் பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை.

மனைவியின் புகார் மட்டும் தீரவில்லை. தோசை வார்ப்பவர் கடைசியில்தான் உட்காருகிறார். அவர் முறை வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். இந்த வாரம் முதல் சனி, ஞாயிறுகளில் தோசைக்கல் என் பொறுப்பு.