குட்டையில் மீன் மிஞ்சவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் 30 சென்ட் பழைய குட்டையை இந்தக் கோடையில் ஆழப்படுத்தியிருக்கிறோம். வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் நிரப்பி, கட்லாவும் ரோகுவும் விட எண்ணம். ஆனால் நடுவே 10 சென்ட் பரப்பில் அரை மீட்டர் தண்ணீர் வற்றாமல் நிற்கிறது. அதில் விரால், கெளுத்தி, ஜிலேபி எல்லாம் உண்டு. முன்பு ஒருமுறை "நாலு விரால்தானே" என்று அலட்சியமாக விட்டேன். விட்ட குஞ்சுகளைத் தின்று கொழுத்தது அந்த நாலும்தான்.

குஞ்சு விடுமுன் இந்த மீன்களைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்குப் போடலாம் என்றிருக்கிறேன். கனமீட்டருக்கு 250 கிராம் என்பது வழக்கமான அளவு. இருப்பது சுமார் 200 கனமீட்டர், ஆக 50 கிலோ. அதிலுள்ள சபோனின் என்ற நச்சுப்பொருள் மீனின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் தணிந்து புண்ணாக்கு உரமாகிவிடும். பிளீச்சிங் பவுடர் சீக்கிரம் தணியும், ஆனால் உரமாகாது.

என் கவலை சேறுதான். விராலும் கெளுத்தியும் காற்றைச் சுவாசிப்பவை, சேற்றில் புதைந்துகொள்ளும். செத்து மிதப்பவற்றை எண்ணிவிடலாம், மிதக்காததை எப்படி எண்ணுவது? நாலைந்து கெளுத்தியை வலைக்கூண்டில் அடைத்து, அடிச்சேற்றில் அழுத்தி வைத்துச் சோதித்தால் போதுமா? அல்லது மறுநாள் இழுவலை போட்டுத்தான் பார்க்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வாய்க்கால் மடையில் எத்தனை நெருக்கமான வலை கட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.