சன்னிவேல் வாடகை உயர்வு: சட்டம் தெரிந்தவர்கள் வழிகாட்டவும்

வணக்கம். கலிபோர்னியா மாநிலம் சன்னிவேலில், 1980களில் கட்டப்பட்ட ஒரு காண்டோ வீட்டில் (ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் உள்ள குடியிருப்பு), 2023 முதல் குடும்பத்துடன் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு படுக்கையறை. மாத வாடகை 3,600 டாலர். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிற நிலையில், 4,100 டாலர் கொடுத்தால்தான் புதுப்பிக்க முடியும் என்று உரிமையாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இது ஏறக்குறைய 14 விழுக்காடு உயர்வு.

15 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான வீடுகளுக்கு, 2020இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டப்படி, ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாடகையை உயர்த்த முடியாது என்று எடுத்துச் சொன்னேன். இது தனிநபருக்குச் சொந்தமான காண்டோ, அதனால் விலக்கு உண்டு என்கிறார். ஆனால் அந்த விலக்கைப் பெற, அதற்கான அறிவிப்பு வாடகை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். பின்னிணைப்புகள் வரை வரிவரியாகப் படித்துவிட்டேன். செல்லப்பிராணிக்கும் பார்பிக்யூ அடுப்புக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறதே தவிர, இந்த அறிவிப்பு எங்கும் இல்லை. இதைச் சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. பக்கத்து ஊரான மவுன்டன் வியூவில் இருப்பதுபோன்ற நகர வாடகைக் கட்டுப்பாடு இங்கே கிடையாது. மகளின் பள்ளி எல்லையை விட்டு வெளியேறவும் மனமில்லை.

என் கேள்வி இதுதான்: அறிவிப்பு இல்லாத பழைய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, புதுப்பிக்கும்போது அதைப் புதிதாகச் சேர்த்து, இந்த 14 விழுக்காட்டு உயர்வை அவர் இப்போதே வசூலிக்க முடியுமா?