மங்கிய வெளிச்சத்தில் ஆந்தை: படம் பொரிப்பொரியாக வருகிறது

ஈசூன்வாசி:
சிங்கப்பூர் பாசிர் ரிஸ் பூங்கா, ஸ்பாட்டட் வுட் ஆவ்ல் என்ற ஆந்தை, மாலை 7.15. லென்ஸ் 600 மிமீ, எஃப் 6.3, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 12800. ஒரே நாய்ஸ் (பொரி), கண்ணும் கூர்மையாக இல்லை. இன்னும் அகலத் திறக்கும் எஃப் 4 லென்ஸ் என் பர்ஸுக்குக் கட்டாது. இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

முக்காலி:
லென்ஸை விடுங்க, எஃப் 4 வாங்கினாலும் ஒன்றரை ஸ்டாப்கூட (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மிச்சமில்லை. கோளாறு அந்த 1/500-இல்தான். கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்கு அது எதற்கு? 1/60-க்கு இறக்கினால் மூன்று ஸ்டாப் லாபம், ஐஎஸ்ஓ 1600 போதும். ஆனால் முக்காலி கட்டாயம். தலையைத் திருப்பி நிறுத்துகிற நொடியில் பத்துப் படம் சேர்த்து அடியுங்கள், இரண்டு தேறினால் சரி. காற்றில் கிளை ஆடினால் 1/125. நாய்ஸுக்குப் பயந்து இருட்டாக எடுத்துக் கணினியில் வெளிச்சத்தைத் தூக்காதீர்கள், நிழலெல்லாம் பொரியும்.

கூகைப்பித்தன்:
கண் கூர்மைக்குக் காரணம் வேறு. இந்த ஆந்தைக்குக் கரும்பழுப்புக் கண். அந்தி வெளிச்சத்தில் கேமராவின் கண் கண்டறியும் வசதி தடுமாறி முன்னால் இருக்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும். அதை அணைத்துவிட்டு ஒற்றை ஃபோகஸ் புள்ளியை, செம்மஞ்சள் முகம் முடிந்து கருங்கண் தொடங்கும் விளிம்பில் வையுங்கள். மஞ்சள் கண்ணுள்ள மீன் ஆந்தையிடம் இந்தத் தொல்லை குறைவு. பின்னால் வானம் தெரிந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஸ்டாப் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு உருவம்தான் மிஞ்சும்.

ஈசூன்வாசி:
நன்றி. இருட்டிய பிறகு பூங்கா விளக்கடியில் எடுத்தால் படத்தில் குறுக்குப் பட்டைகள் வருகின்றனவே?

முக்காலி:
சைலன்ட் ஷட்டரா (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்)? அதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/50 அல்லது 1/100 வையுங்கள்.

கூகைப்பித்தன்:
டார்ச், ஃப்ளாஷ் இரண்டும் வேண்டாம். ஆந்தை உடலை ஒடுக்கி நெட்டையாக நின்றால் அதற்குப் பயம், நீங்கள் பின்வாங்குங்கள். மீன் ஆந்தைக்கு மீன் போட்டு வரவழைப்பதும் கூடாது. வனவிலங்குச் சட்டப்படி முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம்.

முக்காலி:
ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுக்காதீர்கள், லென்ஸ் வியர்க்கும். ஜிப் பையில் மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். அந்தி வெளிச்சமே இருபது நிமிஷம்தான். துடைத்துக்கொண்டு நின்றால் அது போய்விடும்.