சர்வ் இவ்வளவு மெதுவாக இருந்தும் ரமேஷ் கிருஷ்ணன் எப்படி ஜெயித்தார்?

நெட்கார்டு

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி டென்னிஸ் அணியில் ஒற்றையர் ஆடுகிறேன். உயரம் குறைவு, சர்வில் வேகம் வரவே மாட்டேன் என்கிறது. இரண்டு வருடமாக அதோடு மல்லுக்கட்டி அலுத்துப் போயிருந்தபோது எங்கள் கோச் ஒரு நாள், "போய் ரமேஷ் கிருஷ்ணன் ஆட்டத்தைப் பாரு" என்றார். பழைய இந்திய டென்னிஸ் வீரர் என்று பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் அவர் ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் கழித்துப் பிறந்தவன் நான், ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

இணையத்தில் கிடைத்த பழைய வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் குழப்பம்தான் அதிகமானது. அவருடைய இரண்டாவது சர்வைப் பார்த்தால் யாரோ பயிற்சிக்குப் பந்து போட்டுக் கொடுப்பது போல இருக்கிறது. எதிரில் நிற்கிறவர் அதை அடித்து நொறுக்கியிருக்க வேண்டாமா? ஆனால் புள்ளி என்னவோ பாதிக்கு மேல் இவர் பக்கம்தான் விழுகிறது. உலகத் தரவரிசையில் 23-வது இடம் வரை போயிருக்கிறார், கிராண்ட் ஸ்லாம் காலிறுதி 3 முறை, ஒற்றையர் பட்டம் 8.

என் கேள்வி இரண்டு. அந்த சர்வை வைத்துக்கொண்டு இது எப்படி முடிந்தது? அப்புறம், அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அவர் தன் திறமைக்கு ஏற்ற உயரத்தைத் தொட்டாரா, இல்லை குறைவாகவே நின்றுவிட்டாரா? அப்பா காலத்து ஆட்கள் அவரைப் பற்றிப் பேசும்போது ஒரு பெருமையும் ஒரு ஏக்கமும் சேர்ந்தே வருகிறது. அந்த ஏக்கம் எதற்கு என்று புரியவில்லை.

பழையமட்டை

தம்பி, நல்ல கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நான் வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன்.

வீடியோவை மறுபடி போட்டு, பந்தைப் பார்க்காமல் அவர் கால்களை மட்டும் பார். பேஸ்லைனில், அதாவது கோர்ட்டின் பின்கோட்டில், எங்கே நிற்கிறார்? கோட்டின் மேல். சில சமயம் கோட்டுக்கு உள்ளே. மற்றவர்கள் ஆழமாக வரும் பந்துக்கு இரண்டு எட்டு பின்னால் போவார்கள், பந்து எழும்பி, உச்சிக்குப் போய், இறங்கி வரும்போது நிதானமாக அடிப்பார்கள். ரமேஷ் பின்னால் போகவே மாட்டார். பந்து தரையைத் தொட்டு முழங்கால் உயரம் வருவதற்குள் அவர் மட்டை அதைச் சந்தித்திருக்கும். மட்டையைப் பின்னால் இழுப்பதே ஒரு சாண் அளவுதான். பந்து தரையில் பட்டு எழும்பும் நொடியிலேயே அடிக்கிற ஹாஃப் வாலி என்பது பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு மாட்டிக்கொண்டபோது அடிக்கிற அடி, அவர் அதைப் பேஸ்லைனில் நின்றுகொண்டு சாதாரண அடி போல அடித்தார்.

இதனால் என்ன ஆகிறது? அவர் அடியில் வேகம் இல்லை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும், ஆனால் எதிராளிக்குத் திரும்பி நிலைக்கு வர நேரமே இருக்காது. வேகத்தை அவர் தன் கையிலிருந்து எடுக்கவில்லை, எதிராளி அடித்த பந்திலேயே இருந்ததை எடுத்துக்கொண்டார். மேலே சுழற்சி போடாமல் தட்டையாக, நெட்டுக்குச் சற்று மேலே போகும் அடிகள், மூலைக்கு மூலை. ஒருவரை ஓட வைத்து, மூச்சு வாங்கவிட்டு, பிறகு நெட்டை ஒட்டி விழும்படி சின்னதாக ஒரு டிராப் ஷாட்.

சர்வுக்கும் இதே கணக்கு. மெதுவாகத் தாழ்ந்து வரும் சர்வை பலமாக அடிக்க வேண்டுமென்றால் எதிராளி முழு வேகத்தையும் தானே உண்டாக்க வேண்டும். அப்படி அடித்த பந்து எங்கே போகிறது? கோட்டின் மேல் காத்திருக்கிற, வேகமான பந்தைத் திருப்பி அனுப்புவதில் கைதேர்ந்த ஒருவரிடம்! பொறுமை இல்லாதவர்கள் இதில்தான் விழுந்தார்கள். எப்படி இவ்வளவு மெல்லிய பந்தை நான் வெளியே அடித்தேன் என்று தன் மட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிற எதிராளியை வீடியோவிலேயே நீ பார்க்கலாம்.

இது வீட்டிலேயே வந்த ஆட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். தாத்தா டி.கே. ராமநாதன் ஆட்டக்காரர், அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அப்பா 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார், மகன் சரியாக 25 வருடம் கழித்து 1979-ல் அதே பட்டத்தை வென்றார். அதே வருடம் பிரெஞ்சு ஜூனியர் பட்டமும் ரமேஷுக்குத்தான். அப்பாவின் சர்வும் மென்மையானதுதான், பந்தை அடிக்கிற கையும் அதே கைதான்.

மூன்றாவதுவரிசை

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். தரவரிசையை வைத்து மட்டும் ரமேஷை எடை போட்டால் தப்பாகிவிடும். 1987-ஐப் பேசாமல் அவரைப் பற்றிப் பேசவே முடியாது.

அந்த வருடம் நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையில் நாம் இறுதிவரை போனோம். டெல்லியில் அர்ஜென்டினாவுக்கு எதிரான முதல் சுற்று நினைவிருக்கிறவர்களுக்கு விஜய் அமிர்தராஜ்தான் நினைவுக்கு வருவார், மார்ட்டின் ஜெய்ட்டேயிடம் 2 செட் பின்தங்கி, தோல்வியின் விளிம்பு வரை போய் மீண்டு வந்தாரே, அது. சரி, அதற்கு அந்தப் பெருமை தகும். ஆனால் அரையிறுதி சிட்னியில், ஆஸ்திரேலியாவின் சொந்தப் புல்தரையில். அங்கே நாம் ஜெயிப்போம் என்று எங்கள் தெருவில் ஒருவர்கூட நம்பவில்லை. ரமேஷ் முதலில் ஜான் பிட்ஸ்ஜெரால்டை 4 செட்டில் வீழ்த்தினார். மொத்தம் 5 ஆட்டம், பிறகு 2-2 என்று வந்து நின்றது. கடைசி ஆட்டம் ரமேஷுக்கும் வாலி மசூருக்கும். தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

8-6, 6-4, 6-4. அப்போது டேவிஸ் கோப்பையில் 6-6 ஆனால் செட்டை முடிக்கிற டைபிரேக்கர் கிடையாது, அதனால்தான் 8-6. முதல் செட்டை அப்படி இழுத்துப் பிடித்து எடுத்த பிறகு மசூருக்கு வழியே விடவில்லை. நான் பள்ளி மாணவன். வானொலியில் செய்தி வந்தபோது என் மாமா கையில் இருந்த காபி டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார், ஒன்றும் பேசவில்லை, செய்தி முடிகிற வரை நின்றுகொண்டே கேட்டார். அவர் அன்றைக்கு நின்ற இடம் இன்னமும் எனக்குத் தெரியும்.

இறுதி ஆட்டம் டிசம்பரில், ஸ்வீடனில் கோத்தன்பர்க். உள்ளரங்கில் களிமண் தரை போட்டிருந்தார்கள். 5-0 என்று தோற்றோம். ரமேஷ் முதல் நாளே மாட்ஸ் விலாண்டரிடம் நேர் செட்களில் தோற்றார். அது வருத்தம்தான், ஆனால் அந்த ஸ்வீடன் அணி அந்தத் தரையில் யாரையும் விட்டுவைத்திருக்காது. 1966-ல் ரமேஷின் அப்பா விளையாடிய அணி மெல்போர்னில் இறுதிக்குப் போனது, 1974-ல் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து தென்னாப்பிரிக்காவுடன் இறுதி ஆட மறுத்தோம், மூன்றாவது முறை 1987. அதன் பிறகு இன்று வரை நாம் அங்கே போனதே இல்லை. அந்தக் கடைசிப் படியை ஏற்றி வைத்தது ரமேஷின் மட்டை. குறைவாக நின்றுவிட்டார் என்று என்னால் சொல்ல முடியாது.

கிராஸ்கோர்ட்

மேலே இரண்டு பேரும் சொன்னது அத்தனையும் உண்மை, ஆனாலும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்டவர் ஒரு இளம் ஆட்டக்காரர். "மெதுவான சர்வ் போதும்" என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்த 3 காலிறுதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1981 அமெரிக்க ஓபனில் எதிரில் ஜான் மெக்கன்ரோ, ரமேஷுக்கு 20 வயது. முதல் செட்டை டைபிரேக்கரில் எடுத்தார். இரண்டாவது செட்டும் டைபிரேக்கர் வரை போனது, அதை மெக்கன்ரோ எடுத்தார், பிறகு ஆட்டத்தையும் எடுத்து, கடைசியில் பட்டத்தையும் எடுத்தார். 1986 விம்பிள்டனில் எதிரில் ஸ்லோபோதான் சிவோயினோவிச், மரம் போல நின்று சர்வ் அடிக்கிறவர். 1987 அமெரிக்க ஓபனில் ஸ்டெபான் எட்பெர்க். மூன்று பேரையும் சேர்த்துப் பாருங்கள், எல்லோரும் முன்னால் பாய்ந்து நெட்டுக்கு வருகிறவர்கள். பழையமட்டை சொன்ன அந்த நேரத்தைப் பறிக்கிற வித்தையை இவர்கள் ரமேஷிடமே திருப்பிச் செய்தார்கள். இரண்டாவது சர்வ் வந்ததும் உள்ளே நுழைந்து அடித்துவிட்டு நெட்டில் நிற்பார்கள். ஒவ்வொரு முறை தன் சர்வைக் காப்பாற்றவும் ரமேஷ் முழுப் புள்ளியையும் உழைத்து எடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு கேமில் இரண்டு புள்ளியாவது சும்மா கிடைக்கும். 5 செட் ஆட்டத்தில், இரண்டு வாரத் தொடரில், இந்த வித்தியாசம் உடம்பைத் தின்றுவிடும்.

இன்னொன்று, காலம். அவர் ஜூனியராக ஜெயித்தபோது மர மட்டை. சில வருடங்களிலேயே கிராபைட் வந்து எல்லார் சர்வுக்கும் வேகம் கூடியது. அவர் ஆட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதற்கு எதிர்ப்பக்கமாக மொத்த விளையாட்டும் நகர்ந்தது. அந்தக் காற்றை எதிர்த்து 23 வரை போனது பெரிய காரியம். அந்த ஏக்கம் எதற்கு என்று கேட்டாய் அல்லவா, இதற்குத்தான். இன்னும் கொஞ்சம் கனமான ஒரு முதல் சர்வ் மட்டும் இருந்திருந்தால் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறோம்.

பழையமட்டை

கிராஸ்கோர்ட் சொல்வதை ஏற்கிறேன், சர்வை விட்டுவிடு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். 1989 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓபன், இரண்டாவது சுற்று. எதிரில் அதே விலாண்டர். முந்தைய வருடம் 3 கிராண்ட் ஸ்லாம் வென்று உலகின் முதல் இடத்தில் இருக்கிறார், அந்தத் தொடரின் நடப்புச் சாம்பியன். கோத்தன்பர்க் முடிந்து 13 மாதம்தான் ஆகியிருக்கிறது. ரமேஷ் 6-3, 6-2, 7-6 என்று ஜெயித்தார்.

விலாண்டர் நெட்டுக்குப் பாய்கிறவர் இல்லை, பின்னால் நின்று பொறுமையாகப் பந்தைத் திருப்புகிறவர். களிமண்ணில் அவருக்குத் தேவையான நேரம் இருந்தது. மெல்போர்னின் கடினத் தரையில் ரமேஷ் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எதிராளி யார், தரை எது என்பதைப் பொறுத்து அந்த ஆட்டம் உலகில் யாரையும் சாய்க்கக் கூடியது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவதுவரிசை

1992-ஐயும் விட்டுவிடாதீர்கள். பார்சிலோனா ஒலிம்பிக்கில் 31 வயது ரமேஷும் 19 வயது லியாண்டர் பயஸும் இரட்டையரில் காலிறுதி வரை போனார்கள், அங்கே குரோஷியாவின் இவானிசெவிச், பெர்பிச் ஜோடியிடம் தோற்றார்கள். அந்த வருடம் அரையிறுதியில் தோற்ற இரண்டு ஜோடிகளுக்குமே வெண்கலம் கொடுத்தார்கள். ஒரே ஒரு வெற்றி தூரத்தில் பதக்கம். அடுத்த வருடம் டேவிஸ் கோப்பையில் பிரான்ஸை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வென்ற அணியிலும் ரமேஷ் இருந்தார். அந்த வருடமே ஓய்வு. சத்தம் எதுவும் இல்லாமல் போனார், ஆடியதும் அப்படித்தான்.

நெட்கார்டு

எல்லோருக்கும் நன்றி. பழையமட்டை அண்ணா சொன்னபடி கால்களை மட்டும் பார்த்து ஒரு ஆட்டத்தை ஓட்டினேன். நான் இத்தனை நாள் எங்கே நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது, கோட்டுக்கு நான்கைந்து அடி பின்னால். இன்று காலைப் பயிற்சியில் கோட்டின் மேல் நின்று பார்த்தேன், பத்துப் பந்தில் எட்டு மட்டையின் விளிம்பில் பட்டுப் பறந்தது. இதை எப்படிப் பழகுவது?

பழையமட்டை

எட்டு போனால் பரவாயில்லை, இரண்டு உள்ளே விழுந்ததே. அடிக்காதே, முதல் இரண்டு வாரம் தடுத்து மட்டும் அனுப்பு. மட்டை உன் இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. முழங்காலை நன்றாக மடக்கு, பந்து தரையைத் தொடுகிற இடத்தில் கண் இருக்கட்டும், எதிரே எங்கே விழுகிறது என்று பார்க்காதே. பேஸ்லைனுக்குப் பின்னால் ஒரு வரிசை பழைய பந்துகளை வைத்துவிடு. பின்னால் போனால் காலில் இடறும்.

சர்வுக்கு தினமும் அரை மணி நேரம் தனியாக ஒதுக்கு, கிராஸ்கோர்ட் சொன்னது சரிதான். ஒரு மாதம் கழித்து வந்து பத்துக்கு எத்தனை என்று எழுது.